வளைவில் திறக்கும் இடது கதவு

எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். செபஸ்தி மாமாவை என்னைவிட நெடுங்காலம் அறிந்தவர்கள் நீங்கள். ஏலப்பாறை ஜீப் ஸ்டாண்டில் அவர் வண்டிக்குப் பின்னால் வண்டி போட்டவர்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்தவர்கள், மாதா கோயிலில் அவர் பக்கத்தில் நின்று பாடியவர்கள். நான் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசையில் அவருக்கு அடுத்த வீட்டுப் பெண், அவ்வளவுதான். அவருடைய ஜீப்பை இப்போது ஓட்டுகிற வேலு அண்ணன் போன் செய்து, "முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் போடுறோம், நம்ம லயத்துல காலேஜ் போனது நீ ஒருத்திதான், எழுதித் தா" என்றபோது முடியாது என்றுதான் சொன்னேன். பிறகு ஒத்துக்கொண்டதற்குக் காரணம் டாலி. அவருடைய நாய் இன்னும் அவருக்காகக் காத்திருக்கிறது. காத்திருப்பதோடு நிற்கவில்லை; சாலையில் வண்டிகளின் பின்னால் ஓடுகிறது. அதைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். எழுத்திலும் அது உடனே வரமாட்டேன் என்கிறது, கடைசியில் கேட்கிறேன்.

செய்தி வந்தபோது நான் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் இருந்தேன். அங்கே ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா கதவோரம் வந்து நின்றார்.

"கண்ணு, உன்ற போனு உள்ள அடிச்சுக்கிட்டே இருக்குது. போயி எடு சாமி."

அம்மாதான். "செபஸ்தி அண்ணன் போயிட்டாருடி" என்றாள். எந்த செபஸ்தி என்று கேட்டேன். எங்கள் லயத்தில் ஒரே ஒரு செபஸ்திதான் உண்டு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

வீட்டுக்கார அம்மா யார் என்று கேட்டார். "பக்கத்து ஊடுங்க" என்றேன். அதற்கு மேல் அவரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஈரத்துணியைக் கையிலிருந்து வாங்கி, "நீ கெளம்பு. இத நான் பாத்துக்கறனுங்" என்றார். என்னிடம் 'ங்' போட்டுப் பேசாதவர், அன்று பேசினார்.

ஊருக்குப் போகும் வழியில், குட்டிக்கானம் தாண்டியதும் சாலையில் மரம் விழுந்து பேருந்து நின்றுவிட்டது. மழை. அறுத்து எடுக்கும்வரை உள்ளே உட்கார்ந்திருந்தேன். அடக்கம் முடிந்துவிட்டது என்று அம்மாவின் குரல் போனில் வந்தபோதும் நான் அதே ஜன்னலோரம்தான் இருந்தேன். மழை விடுவதாக இல்லை, வைத்திருக்க முடியவில்லை என்றாள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நான் அவரைக் கடைசியாகப் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்கப்போவதில் இதுவும் இருக்கிறது.

டாலி எங்கள் லயத்துக்கு வந்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எஸ்டேட் பங்களாவில் இருந்த அசிஸ்டண்ட் மேனேஜர் மாற்றலாகிக் கொச்சிக்குப் போனார். அங்கே அடுக்குமாடி வீடு, நாய்க்கு இடமில்லை. சாமான்களை இறக்கிவிட்டு வந்த மாமாவின் ஜீப்பில், முன் சீட்டில், வெள்ளை உடம்பும் கறுப்புக் காதுமாக இது உட்கார்ந்திருந்தது. ஒரு பெரிய பூனை அளவுதான் இருந்தது. மாமாவின் மனைவி ஜெசிந்தா அத்தை கொழுந்து கிள்ளிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கூடையைக்கூட இறக்காமல், "இத எங்க வச்சு வளக்கறது?" என்றார்.

"சாரமில்ல, பாத்துக்கலாம். நம்ம வீட்டுக்குள்ள நாமளே நிக்கிறோம், இது நிக்காதா" என்றார் மாமா.

பங்களா நாய் என்றால் பூப்போல வளர்ந்திருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். அந்த ஒரு விஷயத்தில் லயம் முழுக்க ஒற்றுமை. அத்தை தன் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி அதற்குச் சட்டை தைத்தார். என் அம்மா பாலில் பிஸ்கட் ஊறவைத்துக் கொண்டுபோனாள். குளிரில் வெளியே போனால் காய்ச்சல் வந்துவிடும் என்று சங்கிலி போட்டுக் கட்டிலின் காலில் கட்டினார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் அது ஸ்வெட்டரைக் கிழித்து, அத்தையின் கம்பூட்ஸைக் கடித்து, கட்டிலுக்கடியில் மண் தரையில் பள்ளம் பறித்துவிட்டது. நாளெல்லாம் குரைப்பு. பங்களாவை நினைத்து ஏங்குகிறது என்றாள் அம்மா. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார் அத்தை. அன்று காலைதான் அவர் பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தார் என்பதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அப்போது எனக்குக் கல்லூரி விடுமுறை. நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். யாராவது வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்த நாய்க்காகத்தான் முதன்முதலாக அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று, நானாகப் பேசினேன். போனில் படித்ததைச் சொன்னேன். இது ஃபாக்ஸ் டெரியர் என்ற சாதி. மடியில் வைக்கிற நாய் இல்லை. நரியின் வளைக்குள் புகுந்து விரட்டுவதற்காக வளர்த்த சாதி. உடம்புதான் சின்னது, வேலை பெரியது. வளையிலிருந்து வெளியே வரும்போது நரி என்று தவறாக எண்ணிவிடக் கூடாது என்றுதான் வெள்ளை நிறமாகவே வளர்த்தார்களாம்.

மாமா முழுவதையும் கேட்டார். "நீ படிச்சத இந்த நாயி படிச்சிருக்கா, பி.காம்?" என்றார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "இங்க நரிக்கு எங்க போக? இருக்கிறது பெருச்சாளியும் உங்கப்பனும்தான்."

உள்ளேயிருந்து அப்பா, "கேக்குது, கேக்குது" என்றார்.

சிரித்தாலும் அன்று மாலையே சங்கிலியைக் கழற்றிவிட்டார். "இது உக்காந்து திங்கிற சாதி இல்ல, ஜெசி. நம்மள மாதிரிதான். வேல குடுக்காட்டி வீட்டப் பிரிச்சிரும்" என்று அத்தையிடம் சொன்னது எங்கள் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டது. அவிழ்த்துவிட்ட டாலி முதலில் செய்த வேலை எங்கள் கோழியைத் துரத்தியது. இரண்டாவது, அத்தையின் முட்டைக்கோஸ் பாத்தியைத் தோண்டியது. "வேல குடுங்கன்னீங்களே, பாருங்க, பாத்தி வெட்டிக் குடுத்திருக்கா" என்றார் அத்தை. மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மூடினார். மறுநாளும் அது தோண்டியது, அவரும் மூடினார். அவரைப் பெரிய நாய் வித்தகர் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான், தப்புத் தப்பாகச் செய்துதான், அந்த நாயைத் தெரிந்துகொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகு அடுக்குக்குப் பின்னால் இருந்த பெருச்சாளி வளைக்குள் டாலி தலையை விட்டது. கொஞ்ச நேரத்தில் வால் மட்டும்தான் தெரிந்தது. அத்தை பின்கால்களைப் பிடித்து இழுத்தார். அப்பா வந்து இழுத்தார். அது உள்ளிருந்து உறுமியதே தவிர வரவில்லை. மூச்சு முட்டிவிடும் என்று அத்தை அழவே ஆரம்பித்துவிட்டார். மாமா கோயில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வளையின் வாயை மண்வெட்டியால் கொஞ்சம் அகலப்படுத்தினார். பிறகு ஒரு கல்லை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இழுங்க மச்சான், உக்காந்துட்டீங்க" என்றார் அப்பா.

"உள்ள ஒண்ணுமில்ல, பெருச்சாளி அந்தப் பக்கமாப் போயாச்சு. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே. நாம சொன்னா நம்ப மாட்டா. காலின்னு அவளே கண்டாத்தான் வருவா."

கட்டன் வந்தது. குடித்தார். இன்னொன்று வந்தது. மத்தியானச் சாப்பாட்டை அத்தை தட்டில் போட்டு அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார், திட்டிக்கொண்டே. நான் விறகின் மேல் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாயும்போது டாலி பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தது. முகம் முழுக்கச் சேறு, ஒரு கண் மூடியிருந்தது. உடம்பை ஒருமுறை உதறியது. வளையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாமாவின் பின்னால் வீட்டுக்கு நடந்தது. அதற்குப் பிறகு அந்த வளைப் பக்கம் அது போகவே இல்லை.

அதன் பிறகுதான் அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வரத் தொடங்கினார். மீதி உங்களுக்குத் தெரியும். வாகமண்ணுக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் மலையைவிட டாலியைத்தான் அதிகம் படம் பிடித்தார்கள். ஒருவர் இது என்ன வேலை செய்யும் என்று கேட்டதற்கு, "கிளீனர் சார். சம்பளம் பிஸ்கட்டு" என்று மாமா சொன்னதை ஸ்டாண்டில் நீங்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பதாக வேலு அண்ணன் சொன்னார். வெளியூர் ஓட்டம் உள்ள நாட்களில் மட்டும் அதை வீட்டில் விட்டுப் போவார். அந்த நாட்களின் மாலை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்துக்குக் கீழே யூக்கலிப்டஸ் மரங்களை ஒட்டி ஒரு வளைவு உண்டு. அங்கே வந்ததும் மாமா ஹார்ன் அடிப்பார்: இரண்டு சின்னது, ஒன்று நீளம். முதலில் அது அத்தைக்கான ஹார்ன், கட்டனுக்குத் தண்ணீர் வை என்று அர்த்தம். பிறகு டாலிக்கானதாகிவிட்டது. அது கேட்ட மாத்திரத்தில் டாலி படிகளை எல்லாம் விட்டுவிட்டுத் தேயிலைக்குள் புகுந்து நேராக வளைவில் போய் இறங்கும். மாமா வண்டியை நிறுத்தி, எட்டி, இடது கதவைத் திறந்துவிடுவார். அது தாவி ஏறும். வளைவிலிருந்து வீட்டு வாசல் கூப்பிடு தூரம்தான். அந்தக் கூப்பிடு தூரத்துக்கு, டாஷ்போர்டில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எஸ்டேட்டையே விலைக்கு வாங்கியவர் போல வந்து இறங்கும். "இந்தா வந்துட்டாங்க முதலாளியம்மா" என்பார் அத்தை. ஒருநாள்கூட மாமா நிறுத்தாமல் வந்ததில்லை. மழையிலும் நிறுத்துவார். பின்னால் வண்டி வந்து ஹார்ன் அடித்தாலும் நிறுத்துவார்.

கொல்லங்கோட்டு வேலைக்கு நேர்காணல் வந்தபோது பேருந்து நிறுத்தம்வரை அவர்தான் கொண்டுபோய் விட்டார். வழியில், அவர்கள் கேட்பதற்கு எனக்குப் பதில் தெரியும், ஆனால் வாயிலிருந்து வராது என்றேன். டாலியைத் தூக்கி என் மடியில் வைத்தார். "இவளப் பாத்துச் சொல்லு. இவ மார்க் போட மாட்டா" என்றார். என் பெயர், படிப்பு, அப்பா என்ன செய்கிறார் எல்லாவற்றையும் டாலியைப் பார்த்துச் சொன்னேன். அது கொட்டாவி விட்டது. "பாத்தியா, தப்பில்லாமச் சொல்லிட்ட. தப்பாச் சொல்லியிருந்தா குரைச்சிருப்பா" என்றார். நேர்காணல் அறையில் எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தில் ஒரு கறுப்புக் காதை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டேன். வாய் வந்துவிட்டது.

இனி எழுதுவது கடினமாக இருக்கிறது.

அவர் போன அன்று வெளியூர் ஓட்டம் இருந்ததால் டாலி வீட்டில் இருந்தது. நெஞ்சு வலி வந்ததும் நீங்கள் அவரை அவருடைய ஜீப்பிலேயே கொண்டுபோனீர்கள். திரும்பி வந்தபோது ஆம்புலன்சில், ஃபாக்டரிப் பாதை வழியாக, மேலிருந்து வந்தார். வளைவு வழியாக வரவில்லை. ஹார்ன் இல்லை. சாவு வீட்டில் நாய் நடமாடக் கூடாது, சடலத்தின் பக்கம் வந்துவிடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, அப்பா டாலியைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் விறகுக் கொட்டகையில் அடைத்தார். செத்தவருக்கு மரியாதை என்றுதான் செய்தார். அவரே அழுதுகொண்டுதான் செய்தார். பெட்டி வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது கொட்டகைக்குள்ளிருந்து வந்த சத்தத்தைப் பாட்டுச் சத்தம் மறைத்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "உன் மாமா பாதி ரொட்டியத் தின்னுட்டு மீதிய டாலிக்குன்னு வச்சிட்டுப் போனாருடி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கொட்டகையைத் திறந்தது நான்தான். கதவுக்கு அடியில் அது ஒரு முழ ஆழம் தோண்டியிருந்தது. தரையில் ரத்தம். முன்கால் நகங்கள் பிய்ந்திருந்தன. என்னைத் தாண்டிப் போனது. வீட்டுக்குள் போய் ஒவ்வொரு மூலையாக மோந்து பார்த்தது. பிறகு தேயிலைக்குள் புகுந்து வளைவுக்குப் போய் உட்கார்ந்தது. நான் போய்த் தூக்கினேன். கடிக்கவில்லை, ஆனால் என் கைக்குள் மரக்கட்டை போல இருந்தது.

ஒரு வாரம் போனால் மறந்துவிடும் என்றார்கள். அது மறந்திருக்குமோ என்னவோ. அந்த வாரம்தான் நீங்கள் ஒரு காரியம் செய்யத் தொடங்கினீர்கள். ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் எங்கள் வளைவைக் கடக்கும்போது அவருடைய ஹார்னை அடிக்கின்றன. இரண்டு சின்னது, ஒன்று நீளம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை, ஒருவர் அடித்தார், அடுத்தவர் அடித்தார் என்று வேலு அண்ணன் சொன்னார். முதல்முறை கேட்டபோது அத்தை கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து கும்பிட்டு நின்றார். எந்தப் பெரிய மனிதருக்கும் கிடைக்காத மரியாதை அது. அதை நான் குறைத்துச் சொன்னால் என் வாய் அழுகிப் போகும்.

ஆனால் ஒவ்வொரு ஹார்னுக்கும் டாலி ஓடுகிறது. வளைவில் போய் நிற்கிறது. வண்டி நிற்பதில்லை. கதவு திறப்பதில்லை. அது பின்னால் ஓடுகிறது. வேலு அண்ணன் ஓட்டுவது மாமாவின் ஜீப் என்பதால் அதன் பின்னால் ஓடுவது மட்டும் வேறு மாதிரி, பாலம்வரை போய்விடுகிறது. சென்ற வாரம் எதிரே வந்த கொழுந்து லாரி பிரேக் போட்டதால் தப்பியது. டிரைவர் இறங்கி வந்து, நாயைக் கட்டிப் போடக் கூடாதா என்று அத்தையிடம் கேட்டிருக்கிறார். கட்டித்தான் போட்டார்கள். நகம் முளைக்காத காலாலேயே தரையைப் பறிக்கிறது. அத்தை அவிழ்த்துவிடுகிறார். "அவரு போட்ட சங்கிலி இல்லையே, அவரு கழட்டுனதுதானே" என்கிறார். சோறு வைத்தால் தின்கிறது, ஆனால் காதை வளைவுப் பக்கம் வைத்துக்கொண்டே தின்கிறது. உடம்பு பாதியாகிவிட்டது. இன்னொரு லாரியும் பிரேக் போடும் என்று நினைத்துக்கொண்டு கொல்லங்கோட்டில் என்னால் தூங்க முடியவில்லை.

மாமாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. கிழிந்த அந்த ஸ்வெட்டர் கையை அத்தை தந்தார். என் பெட்டியில் இருக்கிறது. பேச வாய் வராதபோது எதிரில் இருப்பவருக்கு ஒரு கறுப்புக் காது வைத்துப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. ஆலையில் யாராவது எடை சரியில்லை என்று சண்டைக்கு வந்தால் நான் வாதாடுவதில்லை. எழுந்து கூட்டிக்கொண்டுபோய்த் தராசின் முன்னால் நிறுத்திவிடுகிறேன், நீங்களே பாருங்கள் என்று. அது விறகு அடுக்குக்குப் பின்னால் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தவர் செய்த காரியம். அதைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாக நினைக்கிறேன்.

அதனால், நான் கேட்க வந்தது இதுதான். ஹார்னை உடனே நிறுத்திவிடுங்கள் என்று கேட்கவில்லை. நிறுத்தினால் அது வராத ஹார்னுக்காகக் காத்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வேலு அண்ணே, ஒரே ஒருமுறை நீங்கள் வளைவில் வண்டியை நிறுத்துங்கள். இடது கதவைத் திறந்துவிட்டு, நீங்கள் இறங்கித் தள்ளி நில்லுங்கள். டாலி ஏறட்டும். டிரைவர் சீட்டை மோந்து பார்க்கட்டும், சீட்டுக்கு அடியில், பின்னால், எங்கெல்லாம் தேட வேண்டுமோ தேடட்டும். எவ்வளவு நேரமானாலும் யாரும் இழுக்க வேண்டாம், கூப்பிட வேண்டாம். காலி என்று அதுவே கண்டால் அதுவே இறங்கி வரும். அதற்குப் பிறகு அந்த வளைவில் மட்டும், தயவுசெய்து, யாரும் அந்த ஹார்னை அடிக்க வேண்டாம்.

முப்பதாம் நாள் பூசைக்கு நான் வருகிறேன். முடிந்தால் அன்றைக்கே செய்யுங்கள், அண்ணே. டாலி இறங்கிய பிறகு கதவைச் சாத்திவிடாதீர்கள். நானும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.